வகுப்பில் பேட்லெட் பலகை: ஒரு பாடவேளைக்குள் நடத்தி முடிக்கும் முறை

டிஜிட்டல் அறிவிப்புப் பலகை என்பது இணையத்தில் உள்ள ஒரு பக்கம். ஆசிரியர் மேலே ஒரு கேள்வியைப் போடுவார். மாணவர்கள் அதன் கீழே எழுத்து, படம், குரல்பதிவு என்று ஆளுக்கொரு சீட்டாக ஒட்டுவார்கள். ஒருவர் ஒட்டியது சில நொடிகளில் மற்றவர் திரையிலும் தெரியும். இதற்குப் பள்ளிகளில் நன்கு புழங்கும் கருவி பேட்லெட் என்பதால் அதை வைத்தே இங்கே எழுதுகிறோம். வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கு பட்டன்களின் பெயர் மாறும், வகுப்பை நடத்தும் முறை மாறாது.

பலகை பயனில்லாமல் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். 40 பேர் 40 சீட்டு ஒட்டுவார்கள், மணி அடித்துவிடும், அடுத்தவர் சீட்டை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். அதனால் திட்டமிடும்போது படிக்கும் நேரத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கேள்வி, குழுவின் அளவு, பலகையின் வடிவம் எல்லாம் அந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

45 நிமிடப் பாடவேளைக்கு இப்படிப் பிரிக்கலாம்: கேள்வியை விளக்க 5, குழுவாகப் பேசி எழுத 12, எல்லோரும் சேர்ந்து படிக்க 18, தங்கள் சீட்டைத் திருத்த 5, நோட்டில் எழுத 5. ஒரு சீட்டை வாய்விட்டுப் படித்து ஒரு கேள்வி கேட்க ஒன்றரை நிமிடம் ஆகும். 18 நிமிடத்தில் 12 சீட்டைத் தாண்ட முடியாது. எனவே 40 பேர் வகுப்பில் நான்கு பேருக்கு ஒரு சீட்டு, மொத்தம் 10 சீட்டு. மிஞ்சும் 3 நிமிடம் விவாதம் கிளம்பும் சீட்டுக்குப் போய்விடும். பாடவேளை 40 நிமிடம் என்றால் எழுதும் நேரத்தில் 2, கடைசியில் 3 குறைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் 18 நிமிடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வியை முதலில் எழுதுங்கள், பலகையைப் பிறகு திறங்கள்

"பின்னங்கள் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்" என்று போட்டால் பத்துக் குழுவும் பாடப்புத்தக வரையறையையே எழுதும். ஒரு சீட்டைப் படித்தால் மற்ற ஒன்பதையும் படித்த மாதிரிதான். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும், ஆனால் பதில் ஒரே மாதிரி வர முடியாததாக இருக்க வேண்டும். இதைப் பாருங்கள்:

"1/2 + 1/3 = 2/5 என்று ஒரு மாணவர் போட்டிருக்கிறார். இது தவறு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பீர்கள்? விதியைச் சொல்லக் கூடாது. படம் வரைந்தோ ஒரு பொருளை வைத்தோ காட்டுங்கள். விளக்கம் மூன்று வரிக்குள்."

இதற்கு ஒரு குழு காகிதத்தை ஆறாக மடித்து மூன்று கட்டத்தையும் இரண்டு கட்டத்தையும் வண்ணமிட்டு 5/6 என்று காட்டும். இன்னொரு குழு சப்பாத்தி வரையும். ஒரு குழுவுக்காவது வேறொன்று கண்ணில் படும்: 2/5 என்பது 1/2-ஐ விடச் சிறியது, கூட்டிய பிறகு எப்படிக் குறையும்? இந்தச் சீட்டு வந்துவிட்டால் அன்றைய வகுப்பு அதைச் சுற்றியே நடக்கும். விதியைச் சொல்லக் கூடாது என்ற தடை முக்கியம். அது இல்லாவிட்டால் மீ.சி.ம. கண்டுபிடிக்கும் படிகளே பத்துச் சீட்டிலும் வந்து நிற்கும்.

கேள்வியோடு அளவையும் சொல்லிவிடுங்கள். 25 சொல், அல்லது ஒரு படமும் மூன்று வரியும். தமிழில் தட்டச்சுப் பழக்கம் இல்லாத பிள்ளைகள் 12 நிமிடத்தில் அதற்குமேல் அடிப்பது கடினம். நீளமான சீட்டு திரையில் சின்ன எழுத்தாகக் கிடக்கும், கடைசிப் பெஞ்சுக்கு எட்டாது.

பலகையை அமைப்பது

1. பள்ளிக்கென்று ஒரு பொது மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குங்கள். சொந்த மின்னஞ்சலில் தொடங்கினால், நீங்கள் மாறுதலாகிப் போகும்போது பலகைகளும் உங்களோடு போய்விடும். இலவசக் கணக்கில் ஒரு சில பலகைகளுக்கே இடம் உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. புதிய பலகை தொடங்கும்போது வடிவம் கேட்கும். முதல்முறை நடத்துபவர்கள் பிரிவுகள் உள்ள வடிவத்தை, அதாவது நெடுவரிசைகளாகப் பிரிந்திருப்பதை, எடுங்கள். குழு 1, குழு 2 என்று ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்புக் கொடுங்கள். விரும்பிய இடத்தில் ஒட்டும் கேன்வாஸ் வடிவம் பார்க்க அழகாக இருந்தாலும் சீட்டின்மேல் சீட்டு ஏறிவிடும், இழுத்து இழுத்து ஒழுங்குபடுத்துவதிலேயே நேரம் போய்விடும். கருத்து வரைபடம் போடும் நாளுக்கு மட்டும் கேன்வாஸை வைத்துக்கொள்ளலாம்.

3. தலைப்பில் வகுப்பும் பாடமும், விளக்கப் பகுதியில் முழுக் கேள்வியும் இருக்கட்டும். கேள்வியைக் கரும்பலகையில் மட்டும் எழுதினால் ஆய்வகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியாது.

4. பின்னணிக்கு வெற்று வெளிர் நிறம் போதும். பூவும் வானவில்லும் போட்ட பின்னணி, புரொஜெக்டர் வெளிச்சத்தில் எழுத்தை விழுங்கிவிடும்.

5. அமைப்புகளில் பின்னூட்டத்தையும் விருப்பக்குறியையும் முதலில் அணைத்து வையுங்கள். படிக்கும் நேரம் வந்ததும் பின்னூட்டத்தை மட்டும் திறந்தால் போதும். விருப்பக்குறி இருந்தால் பிள்ளைகள் நண்பனுக்கு அதைப் போட ஓடுவார்கள், சீட்டைப் படிக்க மாட்டார்கள்.

6. ஒட்டிய சீட்டுக்கு ஆசிரியர் ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பை இயக்குங்கள். கெட்ட வார்த்தையைத் தடுப்பது இதன் பயன்களில் ஒன்றுதான். இதைவிடப் பெரிய பயன் வேறு: முதல் குழு ஒட்டியது மற்றவர் கண்ணில் பட்டால் அடுத்த ஐந்து குழு அதையே சொல் மாற்றி எழுதும். 12 நிமிடம் முடிந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஒப்புதல் கொடுங்கள்.

7. பகிரும் இடத்தில் இரண்டு அமைப்புகளைச் சரிபாருங்கள். யார் பார்க்கலாம் என்பதில், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பொதுவில் வைக்க வேண்டாம். வருபவர்கள் என்ன செய்யலாம் என்பதில் எழுதும் உரிமை மட்டும் கொடுங்கள். தெரியாமல் திருத்தும் உரிமையைக் கொடுத்துவிட்டால் எந்த மாணவரும் எந்தச் சீட்டையும் மாற்றலாம், அழிக்கலாம். பலகை திடீரென்று காலியாகிப் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எழுதும் உரிமையோடு இணைப்பு கொடுத்தால் மாணவர்கள் கணக்குத் தொடங்காமலே ஒட்டலாம். ஆனால் பெயர் வராது. எனவே சீட்டின் தலைப்பில் குழு எண் எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணக்கில்லாமல் ஒட்டியவரை பேட்லெட் அந்த உலாவியை வைத்தே அடையாளம் காண்கிறது. ஆய்வகத்தில் இது இரண்டு விதமாகச் சிக்கல் தரும். மாணவர் உலாவியின் தடங்களை அழித்துவிட்டாலோ வேறு கணினிக்கு மாறிவிட்டாலோ தன் சீட்டைத் தானே திருத்த முடியாது. அப்படியே விட்டுப்போனால், அதே கணினியில் அடுத்து உட்காரும் வகுப்பு முந்தைய வகுப்பின் சீட்டைத் திருத்த முடியும். மறைநிலைச் சாளரத்தில் (உலாவியின் இன்காக்னிட்டோ) திறக்கச் சொல்லி, பாடவேளை முடிகிற வரை அதை மூடக்கூடாது, முடிந்ததும் மூடியே ஆகவேண்டும் என்று பழக்கிவிட்டால் இரண்டும் தீரும்.

ஆய்வகக் கணினிகளில் க்யூஆர் கோடு பயன்படாது. முந்தைய நாளே ஒவ்வொரு கணினியின் முகப்பிலும் பலகையின் இணைப்பைக் குறுக்குவழியாக வைத்துவிடுங்கள். நீண்ட முகவரியைப் பிள்ளைகள் பார்த்து அடிக்கட்டும் என்று விட்டால் 5 நிமிடம் போய்விடும். வீட்டில் பெற்றோர் கைப்பேசியில் செய்யும் வேலைக்கு க்யூஆர் சரியாக வரும். எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. கையில் பிடித்துப் படிக்க 4 செ.மீ. போதும், டைரியில் ஒட்டிக்கொள்ளலாம். சுவரில் ஒட்டி 2 மீட்டரிலிருந்து படிக்க 20 செ.மீ. வேண்டும்.

தமிழில் அடிப்பது

பலகையில் ஒட்டும் எழுத்து யூனிகோடாக இருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வேர்டில் அடித்து வைத்திருந்ததை எடுத்து ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வரும். அது கருவியின் கோளாறில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுபவை, எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கிய பிறகு ஒட்டுங்கள்.

விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பு முதல் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே வருகின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. கைப்பேசியில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை போதுமானது. குரலைக் கேட்டு எழுதும் வசதியும் அதில் உண்டு, ஆனால் பேச்சுவழக்கில் சொன்னால் பிழை அதிகம் வரும். எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நேரடியாகக் குரல்பதிவு ஒட்டச் சொல்வது மேல். 30 நொடிக்குள் பேச வேண்டும் என்று வரம்பு வையுங்கள். எழுத்தில் பின்தங்கிய பிள்ளை குரலில் தெளிவாகப் பேசுவதை வகுப்பே கேட்கும். காகிதச் சீட்டில் இது கிடைக்காது. இந்த ஒரு வசதிக்காகவே டிஜிட்டல் பலகையை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது என்றால்

பெரும்பாலான பள்ளிகளில் மாணவர்கள் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. ஆய்வகம் கிடைக்காத நாளில் ஆசிரியரின் கைப்பேசியும் புரொஜெக்டரோ திறன்மிகு பலகையோ இருந்தாலே நடத்தலாம்.

ஏ4 தாளை நான்காகக் கிழித்து குழுவுக்கு ஒன்று கொடுங்கள். ஸ்கெட்ச் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். பென்சில் எழுத்து படத்தில் மங்கிவிடும். எழுதி முடித்ததும் ஜன்னலோரம் ஒரு மேசையில் வைத்து, மேலிருந்து நேராக, ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் தாளின் நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து சரியாக அந்த வரி மட்டும் படிக்க முடியாமல் போகும். ஒவ்வொரு படத்தையும் அந்தந்தக் குழுவின் வரிசையில் ஏற்றுங்கள். பத்துச் சீட்டுக்கு 5 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் குழுக்கள் பக்கத்துக் குழுவுக்குத் தங்கள் சீட்டை விளக்கிச் சொல்லட்டும்.

படத்தின் எடையைக் கவனிக்க வேண்டும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் படம் 3 முதல் 5 எம்பி வரை வரும். ஆளுக்கொரு படம் என்று 40 படம் ஏற்றினால் 160 எம்பி, ஆசிரியரின் ஹாட்ஸ்பாட்டில் அது நகராது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏறவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார்கள், ஒரே படம் மூன்று முறை ஏறும். எளிய வழி, படத்தை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அங்கிருந்து சேமித்து ஏற்றுவது. சாதாரணத் தரத்தில் அனுப்பினால் அது பெரும்பாலும் சில நூறு கேபியாகச் சுருங்கிவிடும், எழுத்து படிக்கவும் வரும்.

திறன்மிகு பலகையில் உங்கள் கணக்கில் நுழைய வேண்டாம். பலகையின் இணைப்பை மட்டும் அங்கே திறந்து காட்டுங்கள், ஒப்புதல் தருவதும் நீக்குவதும் உங்கள் கைப்பேசியிலிருந்தே நடக்கட்டும். பொதுப் பலகையில் நுழைந்த கணக்கிலிருந்து வெளியேற மறந்தால் அடுத்து வருபவர் கையில் எல்லாம் திறந்து கிடக்கும்.

படிக்கும் 18 நிமிடம்

திரையை 125 அல்லது 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்குங்கள். கணினியில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியை அழுத்தினால் போதும். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவரைப் படிக்கச் சொல்லிச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒட்டிய வரிசையில் படிக்கக் கூடாது. ஒப்புதல் தருமுன்பே எல்லாச் சீட்டையும் ஒரு பார்வை பார்த்திருப்பீர்கள். அதில் எது எளிது, எது குழப்பம், எது புதிது என்று மனத்தில் வரிசை போடுங்கள். பின்னக் கேள்வியில் சப்பாத்திப் படத்தை முதலிலும், காகித மடிப்பை அடுத்தும், "கூட்டினால் எப்படிக் குறையும்" என்பதைக் கடைசியிலும் எடுங்கள். கடைசிச் சீட்டை முதலில் படித்துவிட்டால் மற்றவற்றைப் பார்க்க யாருக்கும் ஆர்வம் இருக்காது.

சீட்டை எழுதிய குழு படிக்கக் கூடாது, வேறு குழு படிக்க வேண்டும். படித்தவர், புரிந்ததைத் தன் சொல்லில் ஒரு வரி சொல்ல வேண்டும். புரியவில்லை என்றால் எழுதிய குழு எழுந்து விளக்கலாம். படத்தில் பிழை இருந்தால் நீங்கள் உடனே சொல்லாதீர்கள். சப்பாத்தியைச் சமமில்லாத மூன்று துண்டாக வரைந்திருந்தால் "இந்தத் துண்டு உனக்கு, அந்தத் துண்டு எனக்கு, சம்மதமா?" என்று கேட்டால் வகுப்பே பிழையைப் பிடித்துவிடும்.

பின்னூட்டம் எழுதவைப்பதாக இருந்தால் இரண்டு வகை மட்டும் அனுமதியுங்கள்: ஒரு கேள்வி, அல்லது விட்டுப்போன ஒன்று. "சூப்பர்", "அருமை" வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதன்பின் 5 நிமிடம் அவரவர் சீட்டைத் திருத்த. அழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்ல வேண்டாம், பழைய வரிக்குக் கீழேயே "திருத்தம்:" என்று போட்டு எழுதட்டும். எங்கிருந்து எங்கே வந்தார்கள் என்று அப்போதுதான் தெரியும், மதிப்பீட்டுக் குறிப்பு எழுதவும் அதுவே உதவும்.

வரைபடப் பலகை: ஊர் நீர்நிலைகள்

பேட்லெட்டின் வடிவங்களில் வரைபடத்துக்கு ஒரு தனிப் பயன் உண்டு. சமூக அறிவியலுக்கு "நம் பக்கத்து ஏரி, கண்மாய், குளம்" என்று ஒரு பலகை போடலாம். இது ஒரு பாடவேளை வேலையில்லை, இரண்டு வாரம் ஓடட்டும். ஒவ்வொரு குழுவும் ஒரு நீர்நிலையைப் பெரியவர் ஒருவருடன் போய்ப் பார்த்து, வரைபடத்தில் அந்த இடத்தில் சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டில் நான்கு விவரம்: ஊரில் வழங்கும் பெயர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிறைந்தால் எங்கே போகிறது, இப்போது என்ன நிலை. நல்ல சீட்டு இப்படி இருக்கும்:

"குழு 3. பெரிய கண்மாய். வரத்துக்கால்வாயில் கருவேலம் மண்டியிருக்கிறது. மடை இரண்டு, ஒன்றில் பலகை இல்லை. கலுங்கில் வழியும் தண்ணீர் கீழக் கண்மாய்க்குப் போகும் என்று நீர்பாய்ச்சி சொன்னார்."

மடை என்பது வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய், அதை அடைப்பது பலகை. கலுங்கு என்பது கண்மாய் நிறைந்ததும் தண்ணீர் வழியும் இடம், நீர்பாய்ச்சி என்பவர் தண்ணீரைத் திறந்து பாய்ச்சுபவர். சீட்டின் மூன்றாவது விவரம்தான் இந்த வரைபடப் பலகையின் உயிர். "நிறைந்தால் எங்கே போகிறது" என்பதற்கு வந்த பதில்களை வகுப்பில் வரைபடத்தின்மேல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால், ஒரு கண்மாயின் கலுங்கு அடுத்த கண்மாயின் வரத்து என்பது பிள்ளைகளுக்குத் தானாக விளங்கும். சங்கிலித்தொடர் கண்மாய் என்று பாடத்தில் படித்தால் அது ஒரு பெயர்தான். தங்கள் சீட்டுகளே வரிசையாகக் கோத்து நிற்கும்போது, மேலே ஒரு கால்வாய் அடைபட்டால் கீழே எத்தனை ஊர் காயும் என்று அவர்களே எண்ணிச் சொல்வார்கள்.

இடத்தைத் தேடும்போது ஒரே பெயரில் பல ஊர் வரும். பெரிய கண்மாய் இல்லாத ஒன்றியம் இருக்காது. ஊர்ப்பெயரோடு வட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள், அல்லது வரைபடத்தைப் பெரிதாக்கி நேரடியாகக் குறிக்கச் சொல்லுங்கள். வீட்டையோ தெருவையோ யாரும் குறிக்கக் கூடாது.

பிள்ளைகளின் பெயரும் முகமும்

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பள்ளியில் எளிய வழி, தரவே போகாமல் பார்த்துக்கொள்வது. குழு எண் போதும், முழுப்பெயர் வேண்டாம். முகம் தெரியும் படம், கைப்பேசி எண், பள்ளி அடையாள அட்டை எதுவும் சீட்டில் வரக் கூடாது. குரல்பதிவு வாங்குவதாக இருந்தால் முதல் பருவத்திலேயே பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று வையுங்கள், என்ன கருவி, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதைத் தமிழில் எழுதி.

வீட்டுப்பாட அறிவிப்புக்கும் தேர்வு அட்டவணைக்கும் இந்தப் பலகை தேவையில்லை. அதற்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழு போதும்.

பருவம் முடியும்போது

வேலை முடிந்த பலகையை உறைநிலையில் வையுங்கள். அதன்பிறகு பார்க்கலாம், யாரும் மாற்ற முடியாது. பிறகு பகிரும் பட்டியிலிருந்து பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளுங்கள். குரல்பதிவும் காணொளியும் பிடிஎஃப்-இல் ஓடாது, வேண்டியவற்றைத் தனித்தனியாக இறக்க வேண்டும். கருவி எப்போதும் இருக்கும் என்று நம்பி விட்டுவிட முடியாது. கூகுளின் ஜாம்போர்டை எத்தனையோ ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தினார்கள், 2024 டிசம்பர் 31-உடன் அது மூடப்பட்டது.

அடுத்த ஆண்டும் அதே பாடம் நடத்துவீர்கள் என்றால் பலகையை நகலெடுங்கள். நகலெடுக்கும்போது சீட்டுகளை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் எடுக்கலாம். இறக்கிய கோப்புக்கு வகுப்பு, பாடம், மாதம், ஆண்டு என்ற வரிசையில் பெயர் வைத்து, பள்ளிக் கணினியில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றும் வையுங்கள். இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு, பழைய பலகையை அழித்து இலவசக் கணக்கில் இடம் பண்ணிக்கொள்ளுங்கள்.